கால் ஊன்றாமல் ஒரு பகல்

சென்ற மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் விடியற்பொழுதில், மண்டகப்பட்டுக் குடைவரைக்கு முன்னால் நாங்கள் ஐவர் மூன்று வண்டிகளுடன் கூடியிருந்தோம். இரண்டு பழைய புல்லட்டுகள். ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100. அன்றைய திட்டம் எளியது. மண்டகப்பட்டிலிருந்து தளவானூர், அங்கிருந்து செஞ்சியை அடுத்த திருநாதர்குன்று. பல்லவரில் தொடங்கிச் சமணரில் முடிகிற இந்தப் பயணத்தை எங்கள் குழு முன்பே இருமுறை, ஒருமுறை பேருந்திலும் மறுமுறை காரிலுமாக, செய்திருக்கிறது. இம்முறை ஒரேயொரு விதியைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டோம். தார்ச்சாலையைக் குறுக்கே கடக்கலாம். அதன் வழியே போகக்கூடாது. வண்டித்தடம், ஏரிக்கரை, ஓடை, கரம்பு, பாறை ஆகியவற்றின் வழியாகவே போய்ச் சேரவேண்டும்.

'பேராசிரியர்' என்று நாங்கள் அழைக்கும் நண்பருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எனவே அவர் தாமாகவே நடுவர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கல்வெட்டு வாசகங்களைப் படியெடுக்கும் அவருடைய நீலநிறக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டங்கள் போட்டார். வழி கெடும் இடங்களில் பின்னிருக்கையிலிருந்து இறங்கி முன்னால் நடந்துபோய் நின்றுகொள்வார். வண்டி அந்த இடத்தைத் தாண்டி வருவதற்குள் ஓட்டுபவர் எத்தனை முறை காலைத் தரையில் ஊன்றினாரோ அத்தனை கோடுகள். மூன்று கோட்டோடு நிறுத்திக்கொள்வார். வண்டி நின்றுபோனாலோ விழுந்தாலோ ஐந்து. குறைந்த எண்ணிக்கை உடையவருக்கே வெற்றி.

முதல் ஓடையிலேயே புல்லட்டுகளில் ஒன்று மணலில் புதைந்து ஐந்து வாங்கிற்று. இருவர் பின்னால் தள்ள, ஒருவர் முன்சக்கரத்தைப் பிடித்து இழுக்க, கரையேறிய நண்பர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இந்த எருமையை எவனாவது ஓடையில இறக்குவானா? இது ரோட்டுக்குன்னே பொறந்த வண்டி" என்று அலுத்துக்கொண்டார். பேராசிரியர் கோடு போடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ஓடைக்குன்னே பொறந்ததுதான் இது. உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியல" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கம்தான் அன்று பகல் முழுதும், தேநீர்க்கடையிலும் ஏரிக்கரை ஆலமர நிழலிலும் பஞ்சர் ஒட்டிய இடத்திலும் நீண்டது. வீடு திரும்பியபின் நாங்கள் தேடிப் படித்துச் சரிபார்த்துக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். கதை தொடங்குமிடம் செஞ்சியும் அன்று, சென்னையும் அன்று. இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்‌ஷயரில், கம்பளி ஆலைகளின் புகை சூழ்ந்த ஷிப்லி என்னும் ஊர்.

பிராட்ஃபோர்டு நகரைச் சுற்றியிருந்த அவ்வூர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகுக்கே கம்பளி நெய்தவை. அந்த வட்டாரத்தில் 1870களின் நடுவில் பிறந்தவர் ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட். தறிகளுக்கிடையே வளர்ந்த இயந்திர மூளை. மோட்டார் சைக்கிள் என்றால் மிதிவண்டியில் எஞ்சினைக் கட்டித் தொங்கவிட்டது என்றிருந்த காலத்தில், வால்வுகள் இல்லாத டூ ஸ்ட்ரோக் எஞ்சினை எடுத்து, இரண்டு சிலிண்டர்களுடன், நீரால் குளிரூட்டி, அதற்கேற்ற சட்டகத்தையும் தானே வகுத்தார். நாம் இன்றும் காலால் உதைக்கிற கிக்கரை மோட்டார் சைக்கிளுக்குக் கொணர்ந்தவரும் அவரே. அவருடைய தொழிற்சாலையில் உருவான வண்டிகள் 1912, 1913 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தொடர்ந்து மான் தீவின் புகழ்பெற்ற சீனியர் டி.டி. பந்தயத்தை வென்றன. அதன்பின் விளம்பரம் எதுவும் அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.

ஆனால் ஸ்காட்டின் மனம் பந்தயச் சாலையில் இல்லை. யார்க்‌ஷயர் டேல்ஸ் எனப்படும் பள்ளத்தாக்குகளும், அவற்றுக்கு மேலே விரிந்த மூர் எனப்படும் மரமற்ற புதர்மேடுகளும், அவற்றின் அடியில் சுண்ணாம்புப் பாறையில் நீர் அரித்த ஆழ்குகைகளுமே அவருக்கு உவப்பானவை. குகைகளுக்குள் கயிறு கட்டி இறங்குவது அவர் பொழுதுபோக்கு. பின்னாளில், 1923ஆம் ஆண்டில், அப்படியொரு குகையிலிருந்து ஈர உடையோடு வண்டியோட்டி வீடு திரும்பி, அதனால் கண்ட நிமோனியாக் காய்ச்சலிலேயே மாண்டார். அப்படிப்பட்டவர் 1914ஆம் ஆண்டில் தம் தொழிலாளர்களிடம் ஒரு சவால் விட்டார். ஷிப்லி தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டு, பள்ளத்தாக்குகளின் குறுக்கே, வார்ஃப் ஆற்றங்கரையில் உள்ள பர்ன்சால் கிராமம் வரை வண்டியை ஓட்டிப்போய்ச் சேரவேண்டும். புறப்பட்டவர்கள் 14 பேர். சேர்ந்தவர்கள் 9 பேர்.

இந்த எண்களின் மீது நாங்கள் சற்று நேரம் நின்றோம். இது ஒரு நிறுவனம் நடத்திய சோதனை ஓட்டம் மட்டுமன்று. பகலெல்லாம் கடைசல் எந்திரத்தின் முன் நின்று பிஸ்டனையும் கிராங்கையும் உருவாக்கியவர்கள், அவை சேற்றிலும் பாறையிலும் என்ன பாடுபடுகின்றன என்பதைத் தம் இடுப்பெலும்பால் அறிந்துகொண்ட நாள் அது. செய்தவனே ஓட்டினான், ஓட்டியவன் மறுநாள் பட்டறைக்குத் திரும்பி மீண்டும் செய்தான். அவ்வாண்டு ஆகஸ்டில் ஐரோப்பாவில் போர் மூண்டது. ஸ்காட் தொழிற்சாலை இயந்திரத் துப்பாக்கி ஏற்றிய பக்கவண்டிகளைச் செய்து கொடுக்கலாயிற்று. போர் ஓய்ந்தபின் பந்தயம் புத்துயிர் பெற்றது. ஸ்காட் டிரயல் என்னும் பெயரில் நிலைத்தது. அவருடைய தொழிற்சாலை மறைந்து பல்லாண்டுகள் ஆனபின்னும் அவர் பெயர் தாங்கிய அந்த ஒருநாள் ஓட்டம் நிற்கவில்லை. இப்போது இன்னும் வடக்கே, ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில், ரிச்மண்ட் ஊர் மோட்டார் கிளப்பின் பொறுப்பில், ஏறத்தாழ 70 மைல் கல்லிலும் சேற்றிலும் நடைபெறுகிறது. சிறப்பாக முடிப்பவர்களுக்கு வெள்ளிக் கரண்டி தருகிறார்கள். பணப்பரிசைக் காட்டிலும் அந்தக் கரண்டிக்கே மதிப்பு அதிகமாம்.

டிரயல் என்பது என்னவென்று வாசகர்களுக்குச் சற்று விளக்கவேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளின் நொண்டியாட்டத்தை நினைத்துக்கொண்டால் போதும். இரண்டாவது கால் தரையைத் தொட்டுவிட்டால் ஆட்டம் போயிற்று. டிரயலிலும் அவ்வாறே. ஓடைப்படுகை, செங்குத்தான கரை, வேர் பின்னிய சரிவு என்று வழியில் சில இடங்களைக் குறித்துவிடுவார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நடுவர் நிற்பார். காலை ஊன்றாமல் கடப்பவர் தூய்மையாகக் கடந்தவர். ஊன்றினால் ஒன்று, இரண்டு, மூன்று. நின்றாலோ விழுந்தாலோ ஐந்து. எங்கள் பேராசிரியர் தாமே கண்டுபிடித்ததுபோல் பாவனை செய்த முறை இதுதான் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. பிற டிரயல்களில் வேகத்துக்குப் பெரிய இடமில்லை. பொறுமையும் சமநிலையுமே எல்லாம். ஸ்காட் டிரயல் மட்டும் இரண்டையும் கேட்கிறது. காலூன்றவும் கூடாது, காலந்தாழ்த்தவும் கூடாது. முதலில் முடிப்பவரின் நேரத்தை அளவாக வைத்துக்கொண்டு பின்தங்குவோர் ஒவ்வொருவருக்கும் அபராதப் புள்ளிகள் ஏறிக்கொண்டே போகும். விரைந்தால் கால் விழும். நிதானித்தால் நேரம் விழும். இவ்விரண்டுக்கும் நடுவில் நாள் முழுதும் தத்தளிப்பதையே அவர்கள் இன்பம் என்கிறார்கள்.

தென் இங்கிலாந்தினருக்கு இதில் ஒரு பொறாமை இருந்திருக்கிறது. 1924ஆம் ஆண்டு மார்ச் 29 அன்று, லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள கேம்பர்லி என்னுமிடத்தில் அவர்களும் ஒரு 'தெற்கு ஸ்காட்' நடத்தத் துணிந்தார்கள். ஆனால் நடுவர்களையும் காலூன்றும் கணக்கையும் எடுத்துவிட்டு, வேகம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அப்படியானால் இதை டிரயல் என்று அழைக்கக்கூடாது என்று ஆட்சிக்குழு மறுத்துவிட்டது. பெயர் எதுவானாலும் அடித்துப்பிடித்து ஓடுகிற கூத்துதானே என்று ஒருவர் சொல்ல, அதற்குரிய ஆங்கிலச் சொல்லான 'ஸ்கிராம்பிள்' என்பதே விளையாட்டின் பெயராகிவிட்டது. இன்று மைதானங்களில் வண்டிகள் வானில் எழும்பிப் பறக்கிற மோட்டோகிராஸ் இதன் வழித்தோன்றல். பார்வையாளர் கூட்டம் அந்தக் கிளைக்கே போயிற்று. எங்கள் அனுதாபமோ மூத்த கிளையின் பக்கம்தான். விழாமல் இருப்பதற்கு மதிப்பெண் தருகிற விளையாட்டுகள் உலகில் அதிகமில்லை.

புல்லட் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். வருகிறது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ரெட்டிச் என்றோர் ஊர். தையலூசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பெயர்பெற்றது. ஊசி செய்த பட்டறை ஒன்று மிதிவண்டிக்கு மாறி, அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்து, அத்தொழிற்சாலை இருந்த என்ஃபீல்டு என்னும் ஊர்ப்பெயரைத் தானும் சூடிக்கொண்டு ராயல் என்ஃபீல்டு ஆயிற்று. 'புல்லட்' என்ற பெயர் அவர்களின் வண்டிக்கு முதன்முதலில் 1932ஆம் ஆண்டின் இறுதியில் இடப்பட்டது. ஆனால் நாம் அறிந்த புல்லட் அதுவன்று. நம்முடையது இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிறந்தது. அதன் பிறப்புக்கு டிரயல்தான் மருத்துவச்சி.

அக்கால மோட்டார் சைக்கிள் பெரும்பாலானவற்றில் முன்சக்கரத்துக்கு மட்டுமே ஸ்பிரிங் உண்டு. பின்சக்கரம் சட்டகத்தோடு இறுக்கி முடுக்கப்பட்டிருக்கும். அதிர்வைத் தாங்குவது இருக்கையின் அடியில் உள்ள இரண்டு சுருள்வில்லும் ஓட்டுபவரின் முதுகெலும்புமே. நம் ஊர்க் கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கட்டை வண்டியில் போனவன் வில்வண்டிக்கு ஆசைப்படுவான் என்றுதானே நினைப்போம்? டிரயல்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. பின்சக்கரம் இறுக்கமாக இருந்தால்தான் மண்ணைக் கவ்வும்; வில் வைத்தால் தளும்பும்; ஓட்டுபவனுக்குத் தரையின் பேச்சு கேட்காது என்பது அவர்களின் உறுதியான கட்சி. அது மூட நம்பிக்கையுமன்று. கல்லுக்குக் கல் தாவும் வண்டியை உடம்பின் எடையைக் கொண்டே அடக்கிப் பழகிய அனுபவசாலிகளின் வாக்கு.

ராயல் என்ஃபீல்டின் வடிவமைப்பாளர்கள் இதற்கு எதிராகத் துணிந்தனர். பின்சக்கரத்தை ஒரு கவைக்கோலில் பொருத்தி, அந்தக் கவையை எஞ்சினுக்குப் பின்னால் ஒரு அச்சில் ஏறி இறங்கவிட்டு, இருபுறமும் எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பரால் தாங்கினார்கள். இன்று தெருவில் போகிற எந்த மோட்டார் சைக்கிளைக் குனிந்து பார்த்தாலும் தெரிகிற ஸ்விங்கிங் ஆர்ம் அமைப்புதான் இது. அதை அவர்கள் நகரச் சாலையிலோ பந்தயத் தடத்திலோ ஓட்டிக் காட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கோல்மோர் கோப்பை என்னும் டிரயலில், எல்லோரும் பார்க்க மூன்று மாதிரி வண்டிகளைச் சேற்றில் இறக்கினார்கள். ஐயத்தோடு பார்த்தவர்களே மிகுதி.

விடை அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறுநாள் டிரயலில் வந்தது. கோப்பையை வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. இரண்டின் ஓட்டுநர்களும் தங்கப்பதக்கம் பெற்றனர். அவர்களில் ஒருவர் விக் பிரிட்டன் என்னும் மூத்த வீரர். அடுத்த ஆண்டு புல்லட் விற்பனைக்கு வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1952இல், விக் பிரிட்டனின் மகன் ஜானி பிரிட்டன் அதே புல்லட்டில் ஸ்காட்லாந்தின் ஆறுநாள் டிரயலை வென்றார். 1909ஆம் ஆண்டில் வேர்கொண்ட அந்த ஓட்டம், மேலைநாட்டு டிரயல்காரர்களுக்கு நம் மார்கழிக் கச்சேரியைப் போன்றது. அங்கே ஏறிவிட்டால் அதற்குமேல் மேடை இல்லை. கருங்கற்பாறையும் பனியுருகிய ஓடையுமான மலைநாட்டில், வில்வைத்த பின்சக்கரம் கல்லை விட்டு எழாமல் கவ்விக்கொண்டே ஏறியது. 1957இல் ஜானி மீண்டும் வென்றார். அதற்குள் இறுக்கமான பின்சக்கரத்துக்கு வாதாடுவோர் அநேகமாக ஒருவரும் இல்லை.

எஞ்சினிலும் அந்தச் சேற்றின் முத்திரை உண்டு. புல்லட் 350இன் பிஸ்டன் குறுக்களவில் 70 மில்லிமீட்டர். அது ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். ஒல்லியான, நெடிய உருளை. அதனோடு கனத்த சுழற்சக்கரம். இப்படிப்பட்ட எஞ்சின் வேகமாகச் சுழல விரும்பாது. ஆனால் மிக மெதுவாகச் சுழலும்போதும் இழுவையைக் கைவிடாது. டிரயல் ஓட்டுபவனுக்கு வேண்டியது அதுவே. நடக்கும் வேகத்தில், ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு, எஞ்சின் ஒவ்வொரு துடிப்பாக எண்ணிக்கொண்டு ஏறவேண்டும். நம் தெருமுனையில் 'டப்... டப்... டப்' என்று கேட்டவுடன் அதிகாரி வருகிறார் என்று எழுந்து நின்றோமே, அந்த ஒலி அதிகாரத்துக்காகச் செய்யப்பட்டதன்று. ஓடைக் கல்லில் வழுக்காமல் ஏறுவதற்காகச் செய்யப்பட்டது.

ஒலி நம் தெருவுக்கு வந்தது இராணுவத்தின் வழியாக. விடுதலைக்குப் பின் எல்லைக் காவலுக்குக் கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டி தேவைப்பட்டது. கே.ஆர். சுந்தரம் ஐயர் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ், பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்து விற்றுவந்தது. அதன் வழியாக 1950களின் முதற்பாதியில் இந்திய இராணுவம் எண்ணூறு புல்லட்டுகளைப் பெற்றது. வண்டிகள் தாக்குப்பிடித்தன. தொடர்ந்து 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூரில், கடற்காற்று வீசும் மணலில் ஆலை எழுந்தது. 1956ஆம் ஆண்டின் இறுதிக்குள் அங்கே உருவானவை 163 புல்லட்டுகள். ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் எஞ்சியிருந்த சிறு உற்பத்தியும் 1970இல் நின்றது. புல்லட்டோ திருவொற்றியூரில் தொடர்ந்து பிறந்துகொண்டே இருந்தது. யார்க்‌ஷயரிலும் ஸ்காட்லாந்திலும் சோதித்து வகுக்கப்பட்ட ஓர் உடலமைப்பை, அதை வகுத்தவர்கள் கைவிட்டபின், தமிழ்த் தொழிலாளர்களின் கைகள் அரை நூற்றாண்டுக்குமேல் காத்தன. எங்கள் பயணத்தில் வந்த இரண்டும் அந்த ஆலையின் பிள்ளைகளே. ஒன்றில் வலக்கால் கியரின் அருகே, குதிகாலால் அழுத்தினால் நேரே நியூட்ரலுக்கு வந்துவிடும் அந்தச் சிறு நெம்புகோலும் இருந்தது. பழைய ஓட்டுநர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் இங்கே வந்தபின் அது வேறொன்றாயிற்று. காவல்துறையின் வண்டி, வனத்துறையின் வண்டி, மிராசுதாரின் வண்டி, திரைப்படத்தில் மீசை முறுக்கியவரின் வண்டி. நூற்றறுபது கிலோவுக்கு மேற்பட்ட அதன் எடையே அதன் புகழாயிற்று. அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டிகம்பிரஷரைத் தூக்கி, ஒரே உதையில் எழுப்புகிறவன் ஆண்மகன் என்றொரு சடங்கும் சேர்ந்துகொண்டது. அந்த வண்டியில் எவரும் விளையாடவில்லை. 2019ஆம் ஆண்டில் ஜானி பிரிட்டனின் நினைவாக 'புல்லட் டிரயல்ஸ்' என்றொரு வண்டியை நிறுவனம் வெளியிட்டது. உயர்த்திய சைலன்சரும் சேற்றைக் கவ்வும் டயருமாக. அடுத்த ஆண்டே அது நின்றுபோயிற்று. அதில் ஒன்றையேனும் ஓடையில் பார்த்திருக்கிறீர்களா என்று எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார்.

பேராசிரியர் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது தளவானூர் வந்துவிட்டது. சத்ருமல்லேஸ்வரத்தின் மகரதோரணத்தடியில் புளிசாதம் உண்டோம். குறிப்பேட்டைப் பார்த்தோம். முதல் புல்லட்டுக்கு 31. இரண்டாவதற்கு 24. ஆர்.எக்ஸ். 100க்கு 7.

வரலாறு எங்களைப் பார்த்து நகைத்த இடம் இது. ஜானி பிரிட்டனின் காலம் நெடிது நீடிக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் இறுதியில், பெரிய பிரிட்டிஷ் எஞ்சின்களில் வெற்றிகளைக் குவித்துக்கொண்டிருந்த சம்மி மில்லர் என்னும் வட அயர்லாந்துக்காரர், பார்சலோனாவின் புல்டாகோ நிறுவனத்துக்கு மாறினார். அவரும் அவர்களுமாக உருவாக்கிய ஷெர்ப்பா என்னும் வண்டி மெலிந்தது, எடை குறைந்தது, டூ ஸ்ட்ரோக். 1965இல் ஸ்காட்லாந்து ஆறுநாள் டிரயலை அது வென்றபோது, கனத்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களின் ஆட்சி முடிந்தது. இன்றைய டிரயல் வண்டிகளின் எடை எழுபது கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது, இருக்கைகூட இல்லை. ஷிப்லியில் ஆல்ஃபிரட் ஸ்காட் எந்த எஞ்சின் வகையை நம்பித் தொடங்கினாரோ அதுவே அரை நூற்றாண்டுக்குப்பின் வேற்றுமொழி பேசிக்கொண்டு திரும்பி வந்து அரியணை ஏறியது. எங்கள் ஆர்.எக்ஸ். 100 ஓட்டுநர் இதைக் கேட்டபின் அடைந்த கர்வம் மாலைவரை தணியவில்லை.

பிற்பகலில் வெயில் ஏறியது. டயர்களில் காற்றைக் குறைத்துக்கொண்டு புறப்பட்டோம். குறைத்தால் டயர் பரந்து மணலில் மிதக்கும். அதுவும் காலையில் தெரிந்திருந்தால் முதல் ஐந்தைத் தவிர்த்திருக்கலாம். ஓர் ஏரியின் கலிங்கைத் தாண்டியபின் வண்டித்தடம் இரண்டு பள்ளக்கோடுகளாக வேலிக்காத்தான் புதருக்குள் போயிற்று. பேராசிரியர் பையிலிருந்து கிராம வரைபடத்தின் நகலை எடுத்தார். நில அளவைத் துறையின் படங்களில் வண்டிப்பாதை தனியாகவே காட்டப்பட்டிருக்கும் என்பதை நிலம் வாங்கியோரும் விற்றோரும் அறிவர். நாங்கள் நின்ற தடமும் அதில் இருந்தது.

அப்போதுதான் அவர் இங்கிலாந்தின் மற்றொரு பக்கத்தைச் சொன்னார். பந்தயம் எதுவுமின்றி, நாலைந்து நண்பர்களாகச் சேர்ந்து, பசுந்தடம் எனப்படும் பழைய மண்வழிகளில் நாளெல்லாம் வண்டியோட்டுவது அங்கே பெருவழக்கு. ரோமானியர் படை நடத்திய வழி, மடாலயத்து ஆட்டுமந்தைகள் போன வழி, பொதிக்குதிரை போன வழி என அவை பலவகை. ஒருமுறை பொதுவழியானது என்றென்றும் பொதுவழியே என்பது அந்நாட்டின் பழஞ்சட்டம். குதிரைவண்டிக்கு இருந்த உரிமை, சக்கரத்தை எது இழுத்தாலும் செல்லும் என்பதால் மோட்டார் சைக்கிளுக்கும் உண்டு. ஆகவே அந்த உரிமையை மெய்ப்பிக்க, 1970இல் சங்கம் அமைத்துக்கொண்ட இவ்வோட்டுநர்கள் ஆவணக்காப்பகங்களுக்குள் நுழைந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பொதுநிலங்களை வளைத்துப் பங்கிட்ட சாசனங்களையும், தேவாலயத்துக்குத் தசமபாகம் கட்டிய நிலப்படங்களையும் எழுத்தெண்ணிப் படித்தார்கள். தோலங்கியும் சேற்றுக் காலணியுமாக வந்தவர்கள் ஊர் வரலாற்றாய்வாளர்கள் ஆன அதிசயம் இது. கல்வெட்டுப் பித்தர்களான எங்களுக்கு அவர்கள்மேல் உண்டான பாசத்தைச் சொல்லத் தேவையில்லை.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருந்தது. நடந்துபோகிறவனுக்கு அமைதி வேண்டும். குடியானவனுக்கு ஆடுமாடு மிரளக்கூடாது. இருபது வண்டிகள் மழைநாளில் ஏறினால் ஆயிரம் ஆண்டுத் தடமும் முழங்காலளவு பள்ளமாகும். 2006ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம், பதிவேட்டில் இடம்பெறாத வழிகளில் மோட்டார் வண்டிகளின் பழைய உரிமையைச் சில விலக்குகளோடு ஒரேயடியாக அழித்தது. அதற்கு முன்பே விண்ணப்பித்திருந்தவை மட்டும் தப்பின. அவற்றிலும் டார்செட் மாவட்டத்தில் 2004இல் கொடுத்த விண்ணப்பங்களோடு இணைத்த வரைபடம் சிறிய அளவுகோல் கொண்ட படத்தைக் கணினியில் பெரிதாக்கியது, ஆகவே செல்லாது என்று 2010இல் தள்ளிவிட்டார்கள். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போய், 2015ஆம் ஆண்டு மார்ச்சில் ஐந்து நீதிபதிகளில் மூவர், படம் செல்லும் என்றார்கள். சில மண்வழிகளின் தலையெழுத்து ஒரு நகலெடுப்பின் அளவுகோலில் தொங்கியிருக்கிறது.

நாங்கள் தடத்தின் வழியே மேலும் அரை மைல் போயிருப்போம். புதர் முடிந்த இடத்தில் வரிசையாகக் கற்கால்கள். ஐந்து வரி முள்கம்பி. அதற்கு அப்பால் செம்மண் நிரவப்பட்டு, மஞ்சள் வண்ணம் பூசிய சிறு கற்கள் மனைகளைப் பிரித்துக்கொண்டிருந்தன. எங்கள் தடம் கம்பிக்கு அடியில் நுழைந்து, நிரவிய மண்ணில் காணாமல் போயிருந்தது. திருநாதர்குன்று இருக்கும் திசையில் பாறைமேடுகள் கண்ணுக்குத் தெரிந்தன.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"எங்க போவணும் தம்பி?"

சொன்னோம்.

"இதான் வழி. எங்க அப்பா நெல்லு மூட்டைய ஏத்திக்கினு செஞ்சிக்கு இதுலதான் வண்டி கட்டிக்கினு போவாரு. நாலு வருசமா அடைச்சிட்டாங்க."

"படத்துல வண்டிப்பாதைன்னு இருக்கே ஐயா" என்று பேராசிரியர் நகலை நீட்டினார். பெரியவர் அதை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "இருக்கும். நாங்களும் தாலுக்காபீசுல மனு குடுத்துக்கினுதான் இருக்கோம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆடுகளோடு கம்பி ஓரமாகவே நடந்துபோனார். ஆடுகளில் இரண்டு கம்பியின் அடிவரிக்குக் கீழே நுழைந்து அப்பால் போய்விட்டன.

வண்டிகளைத் திருப்பினோம். வந்த வழியே கலிங்குவரை சென்று, அங்கிருந்து தார்ச்சாலைக்கு ஏறி, மற்ற எல்லோரையும்போலச் செஞ்சிக்குப் போனோம். சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டை மங்கிய வெளிச்சத்தில் தடவித்தான் பார்க்க முடிந்தது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் பாறைமுகத்தில் நிழலாகிக்கொண்டிருந்தார்கள்.

கீழே இறங்கியதும் கூட்டிச் சொல்லும்படி பேராசிரியரைக் கேட்டோம். ஆர்.எக்ஸ்.காரர் புன்னகையோடு காத்திருந்தார். பேராசிரியர் கைப்பேசி வெளிச்சத்தில் நெடுநேரம் கூட்டினார். பிறகு, கம்பிவேலிக்கு என்று மூன்று கட்டங்களிலும் தனித்தனியாக ஐந்தைந்து எழுதினார்.